உதகையில் கூரையிலிருந்து தொடங்குங்கள்

மதுரையில் கல்லூரி ஆசிரியையாக இருக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: “முதன்முறையாக நீலகிரிக்கு மூன்று நாள் வருகிறேன். புதிய ஊருக்குப் போனால் ஏரி, பூங்கா என்று அலைவதைவிட, கற்பனையோடு கட்டிய கட்டடங்களைப் பார்த்துக்கொண்டு நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் கட்டடக்கலை படித்தவள் அல்ல. எங்கள் ஊரில் மீனாட்சி அம்மன் கோயிலும் திருமலை நாயக்கர் மகாலும் கண்ணை நிறைத்துவிடுகின்றன. உதகையில் அப்படி என்ன இருக்கிறது? இருப்பதை எப்படி ரசிப்பது?”

குன்னூரில் பிறந்து, தேயிலைத் தோட்டத்து பங்களாக்களையும் தொழிற்சாலைகளையும் பழுதுபார்க்கும் வேலையை மேற்பார்வையிட்டே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் நான். கட்டடக்கலையை நானும் கல்லூரியில் படித்ததில்லை. ஒழுகும் இடத்தைத் தேடிக் கூரைமேல் ஏறி ஏறிக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். ஆகையால் என் பதிலும் கூரையிலிருந்தே தொடங்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மகாலின் தூண்களுக்கு நடுவே நிற்கும்போது உண்டாகும் பிரமிப்பை எதிர்பார்த்து வந்தால் உதகை உங்களை ஏமாற்றிவிடும். இங்கே நல்ல கட்டடங்கள் பெரும்பாலும் சிறியவை. சில மரங்களுக்குப் பின்னாலும் சில மூடுபனிக்குள்ளும் மறைந்திருக்கும். சாலையோரத்தில் கண்ணில் படுகிறவற்றில் பாதி, எந்த ஊரிலும் காணக்கூடிய தங்கும் விடுதிகள். அவற்றில் சிலவற்றின் நெற்றியில் மட்டும், பின்னால் கூரையே இல்லாமல், ஒரு முக்கோணத்தை ஒட்டவைத்து ‘சுவிஸ்’ என்று பெயர் வைத்திருப்பார்கள். அதைக் கற்பனை என்று நான் ஏற்கமாட்டேன்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகியவர்கள் நாம். மலையூரில் சாலை மேலேயும் வீடு கீழேயும் இருப்பது சாதாரணம். வாசலுக்குப் போகச் சாலையிலிருந்து இருபது படி இறங்க வேண்டியிருக்கும். எனவே முதலில் கண்ணுக்குத் தெரிவது கூரை, அதன் பிறகே முகப்பு. சமவெளியில் மொட்டைமாடி வடகம் காயவைக்கவும் துணி உலர்த்தவும் உள்ள இடம். தெருவில் போகிறவர் அதைப் பார்ப்பதில்லை, கட்டுகிறவரும் அதை அழகுபடுத்த மெனக்கெடுவதில்லை. இங்கே வீட்டைப் பார்க்க வருகிற எவரும் கூரையைப் பார்க்காமல் தப்ப முடியாது. பழைய காலத்துத் தச்சர்களுக்கு அது தெரிந்திருந்தது.

கூரையின் சரிவைக் கொத்தனார்கள் வாட்டம் என்பார்கள். மலையில் கட்டும் எவருக்கும் முதல் கவலை வாட்டம்தான். உதகைக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகையில் கனமழை. மழை ஓய்ந்த பிறகும் மூடுபனி கூரைமேல் படிந்து மணிக்கணக்கில் சொட்டிக்கொண்டிருக்கும். மார்கழி, தையில் உறைபனி. கூரையில் தண்ணீர் தங்கினால் அடுத்த வருடமே உத்திரத்தில் காளான் பூக்கும். இது உவமை அல்ல, நான் கையால் பிடுங்கியிருக்கிறேன்.

தகரக் கூரை என்றதும் ஏழ்மையின் அடையாளமாக எண்ணிவிட வேண்டாம். துத்தநாகம் பூசிய நெளிதகரம் எடை குறைவானது. ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் இடத்தை அடைக்காது. 1899-இல் குன்னூர் வரை ரயில் வருவதற்கு முன்பு, சமவெளியிலிருந்து வர வேண்டிய பொருளெல்லாம் மாட்டின் முதுகிலோ மனிதர் தலையிலோ வண்டியிலோதான் மலையேற வேண்டும் என்றிருந்த காலத்தில், ஒரு வீட்டின் கூரையைச் சில வண்டிகளில் அடக்கிவிடலாம் என்பது சிறிய விஷயமல்ல. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன் தொடங்கிய தொழிற்சாலையிலிருந்து பரவிய ஓடும் இங்கே வந்தது. ஆனால் ஓட்டுக்குக் கனமான கைமரம் வேண்டும். தகரத்துக்கு மெலிந்த சட்டங்களே போதும். கூரை இலேசானதும் தச்சர்களின் கை துணிந்தது. ஒரே சரிவாக இருந்த கூரையின் குறுக்கே இன்னொன்றை ஓட்டினார்கள். அதன் இடுப்பில் ஒரு சின்ன ஜன்னலுக்கென்று குட்டிக் கூரை வைத்தார்கள். மூலையில் எட்டுப் பக்கமாக மடித்துக் கூம்பாக நிறுத்தினார்கள்.

ஒரு பழைய பங்களாவுக்கு மேலே, சாலையில் நின்றுகொண்டு கூரைகளை எண்ணிப் பாருங்கள். நடுவிலுள்ள பெரிய கூரை முதலில் கட்டியது. பக்கவாட்டில் தாழ்ந்து இறங்குவது பின்னால் சேர்த்த அறை. தனியாகப் பத்தடி தள்ளி, மூடிய நடைபாதையால் இணைந்திருப்பது சமையலறை. புகைபோக்கிகளை எண்ணினால் கணப்படுப்புள்ள அறைகளைச் சொல்லிவிடலாம். (இங்கே யாரும் கணப்படுப்பு என்று சொல்லமாட்டார்கள், ‘ஃபயர் பிளேஸ்’தான்.) பிறகு இருபது படி இறங்கி, கூரையின் முக்கோண முகப்பில் ஓரமாக அடித்திருக்கும் சித்திரப் பலகையைக் கிட்டத்தில் பாருங்கள். இலையாகவும் சொட்டாகவும் பல்வரிசையாகவும் வெட்டியிருப்பார்கள். அழகுக்காக மட்டும் வெட்டியது போலத் தோன்றும் அந்தப் பற்களின் கீழ்முனைகளில்தான் மழைநீர் திரண்டு சொட்டும், சுவரில் வழியாது. பலகை உதிர்ந்துபோன வீட்டைக் கண்டால் அதன் கீழே சுவரில் பாசி படிந்து கருத்த கோட்டையும் காண்பீர்கள். இந்த மரவேலையைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் ஃபெர்ன்ஹில் அரண்மனை இருக்கிறது. மைசூர் மகாராஜாக்களின் கோடை மாளிகையாக இருந்து பிற்காலத்தில் விடுதியானது. எனக்கு அதைவிடப் பெயரற்ற சிறு பங்களாக்கள்தான் பிடிக்கும்.

வாட்டத்தை மதிக்காதவனுக்கு என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. அப்பா கட்டிய தகரக் கூரை வீட்டில் மழை பெய்தால் பேச்சுக் கேட்காது என்று, சம்பளம் கொஞ்சம் உயர்ந்த காலத்தில், தகரத்தைக் கழற்றிவிட்டுச் சமதளமாகக் கான்கிரீட் போட்டேன். ஊரார் வீடுகளுக்கெல்லாம் வாட்டம் பார்த்துச் சொன்னவன், என் வீட்டில் ஒப்பந்தக்காரரின் பேச்சை நம்பிவிட்டேன். இரண்டாவது கார்த்திகையில் கூடத்தின் நடுவே பாத்திரம் வைக்க வேண்டியதாயிற்று. தார் பூசினோம், சுருக்கி (செங்கல்தூளும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு) போட்டோம், தளவோடு பதித்தோம். கடைசியில் கான்கிரீட்டுக்கு மேல் இரும்புக் கம்பம் நட்டு, பழையபடி தகரமே போட்டோம். குன்னூரிலும் கோத்தகிரியிலும் கான்கிரீட் மாடிக்கு மேலே நீலத் தகரம் தலையில் துண்டு போட்டது போல நிற்கும் வீடுகளை நீங்கள் நூற்றுக்கணக்கில் காண்பீர்கள். அவற்றுள் ஒன்று என்னுடையது.

இனி நீங்கள் கேட்ட கட்டடங்களுக்கு வருகிறேன். உதகையில் ஐரோப்பியர் கட்டிய முதல் வீட்டைக் கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-இல் கட்டத் தொடங்கினார். உள்ளூர் மக்கள் அதைக் கல் பங்களா என்றார்கள். இன்று அது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. அதற்கும் முன்பு, 1819-இல், கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களாவைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். வரலாற்றுக்காக இரண்டையும் பார்க்கலாம். கற்பனைக்காக என்றால் நான் உங்களை நேரே ஸ்டீபன் தேவாலயத்துக்கு அனுப்புவேன்.

புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு 1829 ஏப்ரலில் அடிக்கல் நாட்டினார்கள். 1831 ஈஸ்டர் அன்று வழிபாட்டுக்குத் திறந்தார்கள். வரைந்து கட்டியவர் கேப்டன் அண்டர்வுட் என்ற படை அதிகாரி. வெளியிலிருந்து பார்த்தால் மங்கிய மஞ்சள் சுவரும் சதுரக் கோபுரமும். பெரிதாக ஒன்றும் தோன்றாது. உள்ளே போய்க் கடைசி இருக்கையில் அமர்ந்து மேலே பாருங்கள். அந்த உத்திரங்கள் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையைப் பிரித்து எடுத்துவந்தவை. 1799-இல் திப்பு வீழ்ந்தார். முப்பது ஆண்டு கழித்து, காவிரித் தீவில் ஒரு சுல்தானின் கூடத்தைத் தாங்கிய மரம் மலையேறி வந்து, அவரை வென்றவர்களின் பிரார்த்தனை மண்டபத்தைத் தாங்கத் தொடங்கியது. வெற்றியின் செருக்கு என்று ஒருவர் சொல்லலாம். நல்ல முதிர்ந்த மரம் மலைமேல் கிடைக்காத அவசரம் என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டும் இருந்திருக்கும். என் கண் வேறொன்றைத்தான் தேடுகிறது: ஒரு கட்டடத்துக்காக அளந்து அறுத்த மரத்தை வேறொரு கட்டடத்துக்குப் பொருத்துவது தச்சனுக்கு எவ்வளவு பெரிய தலைவலி! கிடைத்த நீளத்துக்கு ஏற்ப மண்டபத்தின் அகலத்தை வகுக்க வேண்டும், அல்லது மரத்தை ஒட்ட வேண்டும். அதைச் செய்து முடித்த கைகளின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. வெளியே வந்தபின் பின்பக்கத்துச் சரிவில் ஏறிப் போகும் கல்லறைகளையும் பாருங்கள். சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் உறங்குகிறார்கள்.

அடுத்தது நீலகிரி நூலகம். இது உங்களுக்குச் சொந்த ஊர்த் தொடர்புள்ள கட்டடம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். 1859-இல் தொடங்கிய இந்த நூலகத்துக்குக் கட்டடம் வரைந்தவர் ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம். சென்னை மாநிலக் கல்லூரியும் பல்கலைக்கழக செனட் இல்லமும் இவர் வரைந்தவையே. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்தபோது உங்கள் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்த பணியிலும் இவருக்குப் பங்குண்டு. மகாலின் வளைவுகளை அளந்து பார்த்த கண்ணும் உதகையில் இந்த நூலகத்தை வரைந்த கண்ணும் ஒருவருடையவை என்ற நினைவோடு அதன்முன் நில்லுங்கள்.

1874 முதல் 1879 வரை கட்டிய செனட் இல்லத்தில் சிஷோம் நான்கு மூலைக்கும் குவிமாடக் கோபுரம் வைத்தார். மண்டபத்தின் பக்கங்களில் தாழ்வாரம் ஓட்டினார். மெரினாவின் வெயில் சுவரைத் தொடக்கூடாது, காற்று மட்டும் உள்ளே வரவேண்டும் என்பது கணக்கு. உதகை நூலகத்தில் குவிமாடமும் இல்லை, வெயிலைத் தடுக்கும் ஆழ்ந்த தாழ்வாரமும் இல்லை. சிவந்த சுவர், செங்குத்தாக இறங்கும் கூரை, உயர்ந்த கூர்வளைவு ஜன்னல்கள். சென்னையில் எதைத் தடுத்தாரோ அதை இங்கே வலை போட்டுப் பிடிக்கிறார். மலையில் வெயில் ஒரு வரவு. வாசிப்பறைக்கு அது வெளிச்சமாகவும் வேண்டும், வெதுவெதுப்பாகவும் வேண்டும். ஒரே மனிதர், ஒரே மாகாணம், இரண்டு தட்பவெப்பம். கட்டடம் தலைகீழாக மாறிவிட்டது. அழகு எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால் அந்த மாற்றத்தில் இருக்கிறது என்பேன். நூலகம் உறுப்பினர்களுக்கானது, உள்ளே போக விரும்பினால் முன்கூட்டியே பணிவாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்த்தாலும் நான் சொன்னது விளங்கும்.

லவ்டேலில் உள்ள லாரன்ஸ் பள்ளியும் சிஷோம் கைவண்ணமே. பள்ளி வளாகம் என்பதால் சுற்றிப் பார்க்க முடியாது. உயர்ந்த கோபுரத்தைத் தொலைவிலிருந்து பார்த்துத் திருப்தி அடைய வேண்டும்.

மலை ரயிலைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு 46 கிலோமீட்டர், 16 சுரங்கப்பாதைகள், ஏறத்தாழ 250 பாலங்கள். உதகை வரை வந்து சேர்ந்தது 1908-இல். யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது 2005-இல். செங்குத்தான பகுதியில் பன்னிரண்டரை அடி போனால் ஓரடி ஏறும். அங்கே நடுவில் பதித்த பல்தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு நிதானமாகப் போவதால், கட்டடம் பார்க்க வந்தவருக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. பாலங்களைத் தாங்கும் கல் தூண்களைப் பாருங்கள். நிலையங்களில் கூரை விளிம்பின் பல்வரிசைப் பலகையைப் பாருங்கள். பங்களாக்களில் பார்த்த அதே சொட்டுப் பற்கள்தான்.

யாரும் உங்களுக்குச் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்: பழைய தேயிலைத் தொழிற்சாலை. பயணிகள் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு, சாக்லேட் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். கட்டடத்தை ஏறிட்டுப் பார்ப்பவர் அரிது. மலைச்சரிவில் தனியாக நிற்கும் நீளமான பல மாடிக் கட்டடம். மேல்மாடிகளில் ஒரு சாண் சுவருக்கு ஒரு ஜன்னல் என்று வரிசை. குடியிருக்க யாரும் இல்லாத இடத்தில் இத்தனை ஜன்னல் எதற்கு? பறித்து வந்த பச்சை இலையை முதலில் வாட்ட வேண்டும். துவளத் துவள ஈரம் குறைந்தால்தான் சுருட்டும்போது இலை நொறுங்காது. ஆகவே மேல்மாடி முழுக்கத் தட்டுகள் கட்டி இலையைப் பரப்பி, இரு பக்க ஜன்னல்களையும் திறந்து மலைக்காற்றை விடுவார்கள். மழை நாளில் கீழேயுள்ள உலையின் சூடான காற்று மேலே வரும். வாடிய இலையைத் துவாரத்தின் வழியே கீழே தள்ளினால் சுருட்டும் இயந்திரம்; அதன் பிறகு இலை புளிக்கும் இடம், உலர்த்தும் இடம், சலித்துத் தரம் பிரிக்கும் இடம். இலை மேலிருந்து கீழே வரவரத் தேயிலையாகிறது. கட்டடமே ஒரு பாத்திரம் போலத்தான். மின்விசிறி வைத்த நீள்தொட்டிகள் வந்தபின் அந்த ஜன்னல்களுக்கு வேலை குறைந்துவிட்டது. நான் பழுதுபார்த்த ஒரு தொழிற்சாலையில் மேல்மாடியில் பழைய சாக்குத் தட்டுகள் அப்படியே இருந்தன. ஜன்னலைத் திறந்ததும் முப்பது வருடத்துத் தேயிலைத் தூசி ஒரே மூச்சில் கிளம்பி, எங்கள் ஐந்து பேரையும் தும்மவைத்தது.

குன்னூரிலிருந்து உதகைக்கு வரும் வழியில் கேத்தி பள்ளத்தாக்கைப் பார்க்க வண்டியை நிறுத்துவார்கள். எதிர்ச் சரிவுகளில் திட்டுத்திட்டாகத் தெரிபவை படகர்களின் ஊர்கள், அவர்கள் மொழியில் ஹட்டிகள். இன்று பச்சை, இளஞ்சிவப்பு, நீலம் என்று கான்கிரீட் வீடுகள். வண்ணத்தைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்கும். பனி நாளில் அந்த வண்ணம் கண்ணுக்கு ஒரு தெம்பு. வண்ணத்தைத் தாண்டி அமைப்பைப் பாருங்கள். பழைய ஹட்டியில் வீடுகள் சரிவின் சம உயரக் கோட்டை ஒட்டி, ஒட்டிய சுவர்களோடு, ஒரே வரிசையாக நிற்கும். முன்னால் நீண்ட பொதுமுற்றம். ஒரு வீட்டின் அடுப்பு பக்கத்து வீட்டுச் சுவரையும் சூடாக்கும்; ஒரே தாங்குசுவர் பத்து வீட்டுக்கு அடித்தளமாகும். தனித்தனி பங்களாவுக்குத் தனித்தனியே மலையைக் குடைந்த வெள்ளைக்காரர்களைவிட இவர்கள் மலையை நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது என் எண்ணம்.

ஆனால் இந்த மலையின் மிகச் சிறந்த கட்டடம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் தோடர்களின் குடிலைத்தான் சொல்வேன். தோடர்களின் குடியிருப்பை மந்து என்பார்கள். உதகமண்டலம் என்ற பெயருக்குள்ளேயே ஒரு மந்து ஒளிந்திருக்கிறது என்று சொல்வோர் உண்டு. குடிலின் வடிவம் பீப்பாயைப் படுக்கவைத்து நீளவாக்கில் பிளந்து கவிழ்த்தது போன்றது: ஏறக்குறைய பத்தடி உயரம், பதினெட்டடி நீளம், ஒன்பதடி அகலம். வாசல் மூன்றடிகூட இருக்காது. தவழ்ந்துதான் உள்ளே போக வேண்டும். ஜன்னல் கிடையாது. உள்ளே ஒருபுறம் படுக்க உயர்த்திய திண்ணை, ஒரு அடுப்பு, தரையில் குத்துவதற்கு உரல்குழி. குளிரையும் காட்டு விலங்கையும் ஒரே சின்ன வாசலால் தடுத்துவிட்டார்கள்.

நான் முன்னே கூரை, சுவர் என்று பிரித்துப் பேசினேன் அல்லவா? இந்தக் குடிலில் அந்தப் பிரிவே இல்லை. மூங்கிலை வளைத்து இரு முனையையும் மண்ணில் ஊன்றி, அப்படிப்பட்ட வளைவுகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, குறுக்கே வரிசையாகப் பிரம்பால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் புல் வேய்கிறார்கள். கூரையே கீழே இறங்கித் தரையைத் தொட்டுவிடுகிறது; முன்னும் பின்னும் மட்டும் பலகையோ செதுக்கிய கல்லோ வைத்து அடைக்கிறார்கள். நீர் தங்க ஒரு விரற்கடை சமதளம் கிடையாது. வாட்டத்துக்காக முப்பது வருடம் கொத்தனார்களோடு சண்டை போட்டவன் முதன்முதலில் இதைக் கிட்டத்தில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பிரம்புக் கட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக் கட்டை நூல் இடைவெளியில் ஒட்டிக்கொண்டு, பாய் முடைந்தது போல ஓடும். கோயில்களின் முன்கல்லில் எருமைக் கொம்பும் சூரிய சந்திரரும் இருக்கும்.

இன்று தோடர்கள் பெரும்பாலும் சாதாரண வீடுகளில்தான் வாழ்கிறார்கள். பழைய வடிவம் கோயில்களில் நிலைத்திருக்கிறது. தாவரவியல் பூங்காவுக்கு மேலே மஞ்சக்கல் மந்தில் அரைப்பீப்பாய் வடிவத்தைக் காணலாம். உதகைக்கு அருகே முத்தநாடு மந்தில் உள்ள கோயில் வேறு வகை: வானை நோக்கிக் குவிந்த உயர்ந்த கூம்பு. இவ்வகைக் கூம்புக் கோயில்கள் மிகச் சிலவே மிஞ்சியுள்ளன. கூரைக்கு வேண்டிய புல் சதுப்பு நிலங்களில் வளர்வது; சதுப்புகளைச் சுற்றித் தைல மரமும் சீகை மரமும் தேயிலையும் வந்தபின் அந்தப் புல்லைத் தேடி வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இவை வழிபாட்டில் உள்ள கோயில்கள். பெண்கள் அருகே செல்வதை அவர்களின் மரபு அனுமதிப்பதில்லை. வெளியார் யாராயினும் சுற்றுச்சுவருக்கு இப்பால் நின்று பார்ப்பதே முறை. மந்துக்குள் நுழையும்போது முதலில் கண்ணில் படும் பெரியவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமலே கைப்பேசியை நீட்டுபவர்களைப் பார்த்து அவர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள்.

இதைப் பார்த்த மறுநாள் உதகைக்கு அருகே முத்தொரைக்குப் போங்கள். நாள்களை மாற்றிவிட வேண்டாம். கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் அந்தப் பக்கத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் வானொலித் தொலைநோக்கி, அதாவது விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கும் கருவி, இருக்கிறது. கோவிந்த் ஸ்வரூப் என்ற வானியலாளர் திட்டமிட்டு, 1970-இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். மலைமேல் இதைக் கொண்டுவந்ததற்குக் காரணம் குளிரும் அல்ல, காட்சியும் அல்ல, ஒரு சரிவு. உதகை பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக, அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து அதன்மேல் தொலைநோக்கியைப் படுக்கவைத்தார்கள். இதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. வானத்தில் ஒரு பொருளைத் தொடர, அந்த ஓர் அச்சில் சுழன்றாலே போதும், ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். எல்லோரும் சரிவை வெட்டிச் சமன்படுத்திக் கட்டிக்கொண்டிருந்த மலையில், சரிவையே கருவியின் பாகமாக்கிக்கொண்டவர்கள் இவர்கள்.

வருவதற்கு முன் இரண்டு செய்திகள். 2024 மே முதல் தனி வாகனங்களுக்கு இ-பாஸ் முறை வந்துள்ளது. அரசுப் பேருந்தில் வந்தால் அந்தக் கவலை இல்லை. ஏப்ரல், மே கூட்டத்தைத் தவிர்த்து, வார நாளில் வந்தால் நூலகத்தின்முன் நிற்க இடம் கிடைக்கும். குடை வேண்டும், மழை பிடித்தால் ஒதுங்காமல் எதிர்ப்பக்கம் நின்று, கூரையிலிருந்து தண்ணீர் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

தொலைநோக்கியின் அருகே போக முன் அனுமதி வேண்டும். எதிர்ச்சரிவிலிருந்து பார்ப்பதற்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கேரட் பாத்தியின் ஓரத்தில் நின்று பாருங்கள். வளைந்த இரும்புச் சட்டங்கள் இருபத்து நான்கு, ஒன்றன்பின் ஒன்றாக மலையேறி நிற்கும். அவற்றின்மேல் நீளவாக்கில் 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள் இணையிணையாக ஓடும். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைந்த அலைநீளமுள்ள வானொலி அலைகளைப் பிரதிபலிக்கக் கம்பிகளே போதும், தகடு தேவையில்லை. காற்றும் ஊடே போய்விடும். வெயில் சாயும்போது கம்பிகள் கண்ணுக்கு மறைந்து வளைவுகள் மட்டும் தெரியும். அப்போது அது, பிரம்பு கட்டி முடித்துவிட்டுப் புல் வரக் காத்திருக்கும் தோடர் குடில் போலவே இருக்கும்.